மற்றப் பாதியை யார் போடுவது?



போன மாதம் ஒரு பின்னேரம் முற்றத்தில் பாய் விரித்து மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் தங்கச்சி ஒருத்தி படலையைத் திறந்துகொண்டு வந்தாள். இடுப்பில் சின்னவன். கையில் நாலாக மடித்த ஒரு படிவம்.

"அக்கா, இதில கையெழுத்து வைக்கலாமோ? இயற்கைப் பசளை, இயற்கைப் பூச்சிவிரட்டி எண்டு செய்தால் அரைவாசிச் செலவை அரசாங்கம் தருமாம். வாற வெள்ளிக்கு முதல் குடுக்கவேணுமாம்."

"மற்ற அரைவாசியை ஆர் போடுறது?" என்று கேட்டேன்.

"அது நாங்கள்தானே" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே அது கேட்டதுபோல இருந்தது. சின்னவனை இறக்கிவிட்டுத் திண்ணையில் குந்தினாள்.

நான் அவளிடம் கையெழுத்து வை என்றும் சொல்லவில்லை, வையாதே என்றும் சொல்லவில்லை. ஏனென்றால் இப்படியொரு படிவத்தில் நானும் ஒருமுறை கையெழுத்து வைத்தவள். அதனால் எனக்கு நன்மையும் வந்தது, கண்ணீரும் வந்தது. அவளுக்குச் சொன்னதை இந்த மாதம் உங்களுக்கும் எழுதுகிறேன். வயலும் வளவும் வைத்துத் தனியே குடும்பம் பார்க்கும் பெண்கள் எங்களில் எத்தனையோ பேர் இருக்கிறோம். இன்றில்லாவிட்டாலும் ஒருநாள் இப்படியொரு படிவம் உங்கள் படலைக்கும் வரும்.

முதலில் இந்தத் திட்டம் என்ன என்பதைச் சொல்கிறேன். இது நிவாரணம் அல்ல, கடனும் அல்ல. இதைச் செலவுப் பங்கீடு என்று சொல்லலாம். ஒரு கமக்காரர் இரசாயனப் பசளையையும் கிருமிநாசினியையும் குறைத்து வேறு முறைக்கு மாறும்போது செலவு வருகிறது. கூட்டெருத் தொட்டி கட்டவேண்டும், பசுந்தாள் விதை வாங்கவேண்டும், ஆள் பிடிக்கவேண்டும். அந்தச் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்கிறது. மீதிப் பங்கு கமக்காரருடையது.

அரசு ஏன் பங்கு போடவேண்டும்? நன்மை எனக்கு மட்டும் இல்லை என்பதால்தான். யாழ்ப்பாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நிலத்துக்குக் கீழே சுண்ணக்கல். தோட்டத்தில் கூடுதலாகப் போட்ட யூரியா மழையோடும் இறைப்போடும் சேர்ந்து கிணற்றுக்குள் இறங்கிவிடுகிறது. மலசலகூடக் குழிகளின் கழிவும் அதோடு சேருகிறது. பல கிணறுகளில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த அளவு ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம். கைக்குழந்தைக்குப் பால்மா கரைப்பதும் அந்தத் தண்ணீரில்தானே? நான் பசளையைக் குறைத்தால் அடுத்த வீட்டுக் குழந்தையும் நல்ல தண்ணீர் குடிக்கும். ஆகவே அந்தச் செலவில் பொதுப்பணமும் சேருவது நியாயம். இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

இனி என் கதை.

நான் இருப்பது கிளிநொச்சி மாவட்டத்தில், இரணைமடுக் குளத்தின் கீழ். எனக்கு ஒரு ஏக்கர் வயல், அரை ஏக்கர் வளவு. 2010 இல் மெனிக் பாம் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது வளவில் வேலியும் இல்லை, கூரையும் இல்லை. கிணறு மட்டும் இருந்தது. அதிலிருந்து தொடங்கிக் கத்தரி, வெண்டி, மிளகாய், பயற்றை என்று கொஞ்சம் கொஞ்சமாக எழும்பினேன்.

2019 இல் எங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் ஒரு திட்டம் அறிவித்தார்கள். கல்லால் கட்டி மேலே தகரம் போட்ட கூட்டெருத் தொட்டியும் மண்புழுப் பெட்டியும் அமைத்தால் அரைவாசிச் செலவு கிடைக்கும். மொத்தச் செலவு 60,000 ரூபா. முதலில் நாங்களே கட்டி முடிக்கவேண்டும். பற்றுச்சீட்டுகளைக் கொடுக்கவேண்டும். பிறகு ஒருவர் வந்து பார்ப்பார். அதன் பின்னர் 30,000 ரூபா வங்கியில் விழும்.

அரைவாசி என்றுதான் காதில் விழுந்தது. முழுவதையும் முதலில் நாங்கள் போடவேண்டும் என்பது வீட்டுக்கு வந்து அடுப்படியில் இருந்து யோசித்தபோதுதான் விளங்கியது. மாத்தளனிலிருந்து சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்த ஒரு சங்கிலி என்னிடம் இருந்தது. மூத்தவளுக்கென்று வைத்திருந்தேன். அதை வங்கியில் அடகு வைத்தேன்.

என்னோடு கையெழுத்து வைத்த இன்னொரு சகோதரியிடம் சங்கிலியும் இல்லை. அவள் நுண்கடன் 50,000 எடுத்தாள். மிச்சத்தைச் சீட்டுக்காசில் போட்டாள். வாரம் 1,250 ரூபா வீதம் 52 வாரம் கட்டவேண்டும். பணம் வந்தது ஏழு மாதம் கழித்து. அதற்குள் அவள் 37,500 ரூபா கட்டிவிட்டாள். முழுவதும் கட்டி முடித்தபோது 65,000. அரசு தந்த 30,000 இல் 15,000 வட்டிக்கே போய்விட்டது. பெயருக்குத்தான் அவளுக்கு அரைவாசி உதவி. உண்மையில் கிடைத்தது கால்வாசி. இடையில் ஒவ்வொரு புதன்கிழமையும் கடன்காரர் வரும் நேரத்துக்கு அவள் வீட்டைப் பூட்டிவிட்டு என் குசினிக்குள் வந்து இருந்த நாட்களை நான் மறக்கவில்லை.

நுண்கடனால் எங்கள் பெண்கள் பட்ட பாடு நாடறிந்தது. 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசே முன்வரவேண்டி வந்தது. அப்படியிருந்தும் அடுத்த ஆண்டே எங்கள் பங்கைப் போட நாங்கள் மறுபடியும் அதே கதவைத்தான் தட்டினோம்.

எனக்கு வேறொரு தடை வந்தது. படிவத்தில் காணி உரிமையாளரின் கையெழுத்துக்கு ஒரு இடம் இருந்தது. என் வயலும் வளவும் அனுமதிப்பத்திரக் காணி. பத்திரம் அவருடைய பெயரில். அவரை நான் 2009 மே மாதத்தில் தவறவிட்டேன். இன்றுவரை தகவல் இல்லை.

"உரிமையாளர் வந்து கையெழுத்து வைக்கவேணும் அம்மா" என்றார் அங்கே இருந்த அலுவலர். சின்ன வயதுப் பிள்ளை. கெட்ட மனதோடு சொல்லவில்லை, படிவத்தைப் பார்த்துச் சொன்னார்.

"அவர் வந்தால் நான் ஏன் தம்பி இஞ்ச வந்து நிக்கிறன்?" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் ஒருவரும் பேசவில்லை. அவர்களில் பாதிப்பேருக்கு என் கதைதான்.

பிறகு கிராம சேவையாளரின் கடிதம், பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவு என்று மூன்று தரம் அலைந்தேன். ஒவ்வொரு தரமும் பஸ்ஸுக்குக் காசும் ஒரு நாள் வேலையும் போனது. அந்த அலைச்சலில் அறிந்த சிலவற்றை உங்களுக்காகச் சொல்கிறேன். காணாமற்போனவரின் குடும்பத்துக்கு, அவர் காணாமற்போயிருக்கிறார் என்று உறுதிப்படுத்தும் ஒரு சான்றிதழ் 2016 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் பின் வழங்கப்படுகிறது. அது மரணச் சான்றிதழ் அல்ல. அதை எடுப்பதால் அவர் இறந்துவிட்டார் என்று நீங்கள் ஒப்புக்கொண்டதாக ஆகாது. அதையும் எடுக்க மனம் இடங்கொடாத தாய்மாரும் மனைவிமாரும் இருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். எடுப்பவர்களுக்கு அலுவலகத்தில் காட்ட ஒரு தாளாவது இருக்கும்.

அனுமதிப்பத்திரக் காணிக்கு இன்னொன்று. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி, பின்னுரிமையாளர் பெயரிடப்படாத காணி ஆண் வாரிசுக்கே முதலில் போய்வந்தது. மகள் இருந்தாலும் மகன்தான் முன். 2022 இல் வந்த திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. உங்கள் காணிப் பத்திரத்தில் பின்னுரிமையாளர் யார் என்று எழுதியிருக்கிறது என்பதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மகள்மார் உள்ளவர்கள் கட்டாயம் பாருங்கள்.

2021 ஆம் ஆண்டையும் இங்கே சொல்லாமல் விடமுடியாது. இரசாயனப் பசளைக்கு மானியம் எங்கள் நாட்டில் 1962 இல் தொடங்கியது. 2005 இன் பின் 50 கிலோப் பை 350 ரூபாவுக்குக் கிடைத்தது. அந்த விலைக்குப் பழகிய கையை அளந்து போடு என்றால் அளக்குமா? அளவுக்கு மேலேயே போட்டோம். 2019 தேர்தல் அறிக்கையில் பத்து ஆண்டுகளில் சேதனப் பசளைக்கு மாறுவோம் என்று சொன்னார்கள். பத்து ஆண்டு என்றால் யாரும் ஆட்சேபிக்கமாட்டார்கள். ஆனால் 2021 மே மாதம் 6 ஆம் திகதி வர்த்தமானியில் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்துவிட்டது. பத்து ஆண்டு ஒரே போகமாகச் சுருங்கியது. சேதனப் பசளை செய்வதற்கென்று நெல் செய்பவர்களுக்கு ஹெக்டேயருக்கு 12,500 ரூபா தருவதாக அறிவித்தார்கள். அது ஏக்கருக்கு ஏறக்குறைய 5,000 ரூபா.

அந்த 5,000 ரூபாவை ஒரு கணக்கில் வைத்துப் பார்ப்போம். என் ஒரு ஏக்கருக்கு நான் வழக்கமாகப் போட்டது இரண்டு பை யூரியா, அதாவது 100 கிலோ. யூரியாவில் 46 வீதம் நைதரசன். ஆகவே 46 கிலோ நைதரசன். நல்ல கூட்டெருவில் நைதரசன் நூற்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், அதே அளவுக்கு 4,600 கிலோ கூட்டெரு வேண்டும். ஒரு கடகத்தில் 20 கிலோ என்றால் 230 கடகம். அதுவும் யூரியாபோல உடனே பயிருக்குக் கிடைக்காது. மண்ணில் கிடந்து மெல்ல மெல்லத்தான் கிடைக்கும். குழை வெட்டி, சாணம் பொறுக்கி, குவியலைப் புரட்டி, தண்ணீர் தெளித்து, கடைசியில் 230 கடகத்தைத் தலையில் சுமந்து வயலுக்குக் கொண்டுபோவது யார்? ஆண் துணை உள்ள வீட்டிலும் இந்த வேலையில் பெரும்பங்கு பெண்ணுடையதுதான். எங்கள் வீடுகளில் முழுப்பங்கும்.

2021/22 பெரும்போகத்தில் வழக்கமாக 25 மூடை கண்ட என் வயலில் 12 மூடைதான் கண்டேன். தடை நவம்பர் மாதத்தில் நீக்கப்பட்டது. ஆனால் பயிர் அதற்கு முன்பே மஞ்சளாகிவிட்டது. பிறகு வந்த பசளையின் விலையும் எங்களுக்கு எட்டவில்லை. அந்தப் போகத்துக்குப் பிறகு எங்கள் ஊரில் கூட்டெரு என்ற சொல்லையே சிலர் வெறுத்தார்கள். அது கூட்டெருவின் குற்றம் அல்ல. ஒரே நாளில் மாறு என்று சொன்னதும், மாறுவதற்கான செலவை மாறுகிறவர்களின் தலையில் வைத்ததும்தான் குற்றம்.

அதே ஆண்டில் என் வளவு மட்டும் என்னைக் கைவிடவில்லை. 2019 இல் கட்டிய தொட்டியிலிருந்து கூட்டெரு வந்துகொண்டிருந்தது. அரை ஏக்கர் வளவுக்கு அது போதும். கத்தரிக்கும் வெண்டிக்கும் குறைவு வரவில்லை. அந்த நெருக்கடியில் எங்கள் வீட்டில் கறிக்குப் பஞ்சம் இருக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், முறை பிழையில்லை. எந்த அளவில், எவ்வளவு காலத்தில், யாருடைய காசில் என்பதுதான் கேள்வி.

மற்ற இடங்களில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தேன். இந்தியாவில் 2015 இல் பரம்பராகத் கிருஷி விகாஸ் யோஜனா என்ற திட்டம் தொடங்கியது. கமக்காரர்கள் குழுவாகச் சேர்ந்து சேதன முறைக்கு மாறவேண்டும். 2018 அளவில் அதில் ஒரு ஹெக்டேயருக்கு மூன்று ஆண்டுகளுக்கு 50,000 இந்திய ரூபா ஒதுக்கினார்கள். அதில் 31,000 ரூபா கமக்காரரின் கணக்குக்கே போனது. ஒரு போகத்துக்கல்ல, மூன்று ஆண்டுக்கு என்பதைக் கவனியுங்கள். மண் மாற அவ்வளவு காலமாவது வேண்டும். ஆந்திராவில் 2016 முதல் பெண்களின் சுயஉதவிக் குழுக்கள் வழியாகவே இயற்கை விவசாயத்தைக் கொண்டுபோகிறார்கள்.

அமெரிக்காவில் 1996 ஆம் ஆண்டு விவசாயச் சட்டத்தோடு ஒரு செலவுப் பங்கீட்டுத் திட்டம் வந்தது. பீடை முகாமைத்துவம், பசளையை அளந்து போடுதல், மண்ணை மூடி வளரும் பயிர் போன்றவற்றுக்கு அரசு பங்கு போடும். சாதாரணமாக 75 வீதம் வரை. ஆனால் வருமானம் குறைந்தவர்களுக்கும் புதிதாகத் தொடங்குபவர்களுக்கும் 90 வீதம் வரை. அதைவிட முக்கியமானது ஒன்று. இப்படியானவர்களுக்குப் பொருள் வாங்க அரைவாசியாவது முற்பணமாகத் தர 2018 ஆம் ஆண்டுச் சட்டம் இடம்வைத்தது. கையில் காசு இல்லாதவர் முழுச்செலவையும் முதலில் போடமுடியாது என்பதைச் சட்டம் எழுதியவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். பணக்கார நாட்டுக் கமக்காரருக்கே முற்பணம் தேவை என்றால், எங்களுக்குத் தேவை என்று கேட்பது பிச்சையா? இல்லை, அது முறையான கோரிக்கை.

ஆகவே அந்தத் தங்கச்சியிடம் படிவத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் ஐந்து கேள்விகளை எழுதச் சொன்னேன். நீங்களும் எழுதி வையுங்கள்.

முதலாவது, காசு எப்போது வரும்? செய்ய முன்பா, செய்த பின்பா? பின் என்றால் எத்தனை மாதம்? முற்பணம் உண்டா? பகுதி பகுதியாகத் தருவார்களா?

இரண்டாவது, யாருடைய பெயருக்கு வரும்? காணி உரிமையாளருக்கா, பயிர் செய்பவருக்கா? கமநல சேவை நிலையத்தின் காணிப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். 2024/25 பெரும்போகத்துக்கு நெற்செய்கைக்கான பசளை மானியம் ஹெக்டேயருக்கு 25,000 ரூபாவாகக் கூட்டப்பட்டபோதும், வங்கிக் கணக்குக்குப் பணம் வந்தது பதிவில் உள்ளவர்களுக்குத்தான். உங்கள் பெயரில் ஒரு வங்கிப் புத்தகமும் இருக்கவேண்டும். மகனுடைய பெயரில் அல்ல, தம்பியுடைய பெயரில் அல்ல.

மூன்றாவது, என் பங்கில் எவையெல்லாம் சேரும்? நான் தொட்டி கட்டியபோது 22 நாள் நானே மண் சுமந்தேன், கல் எடுத்துக் கொடுத்தேன். எங்கள் பக்கம் அப்போது பெண்ணுக்கு நாட்கூலி 1,000 ரூபா. அதன்படி 22,000 ரூபா. அது எந்தப் பற்றுச்சீட்டிலும் வரவில்லை. கடையில் வாங்கிய சீமெந்து செலவு, என் முதுகு செலவில்லை! உழைப்பையும் சொந்தச் சாணத்தையும் வேலித் தடியையும் கமக்காரரின் பங்காக ஏற்பார்களா என்று கேளுங்கள். ஏற்றால் எங்களில் பலர் கடன் வாங்காமலே மற்றப் பாதியைப் போட்டுவிடலாம்.

நான்காவது, எத்தனை போகத்துக்கு உதவி? முதல் போகங்களில் விளைச்சல் குறைந்தால் என்ன செய்வார்கள்? முழு வயலையும் மாற்றச் சொல்கிறார்களா, ஒரு மூலையில் தொடங்க விடுவார்களா? மூலையில் தொடங்க விடாத திட்டத்தில் நான் இனிக் கையெழுத்து வைக்கமாட்டேன்.

ஐந்தாவது, இடையில் ஏதும் தவறினால் தந்ததைத் திருப்பிக் கேட்பார்களா? ஒப்பந்தத்தின் தமிழ்ப் பிரதி ஒன்று என் கையில் தருவார்களா? தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. விளங்காத மொழியில் உள்ள தாளில் கையெழுத்து வைக்க வேண்டியதில்லை.

பணம் தாமதமானால் வாயால் கேட்டுத் திரியவேண்டாம், எழுதிக் கேளுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எங்களுக்கும் உரியது. என் விண்ணப்பம் எங்கே நிற்கிறது, எப்போது பணம் விடப்படும் என்று எழுத்தில் கேட்டால், தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் முடிவெடுத்துச் சொல்லவேண்டும். 2019 இல் இதை நான் அறிந்திருக்கவில்லை. அறிந்திருந்தால் அந்த ஏழு மாதம் ஒருவேளை குறைந்திருக்கும்.

படிவம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் உண்டு. பீடைக் கட்டுப்பாட்டில் நல்ல முறைகள் பலவற்றுக்குப் பற்றுச்சீட்டே வராது.

வயலில் அறக்கொட்டியானுக்குப் பயந்து விதைத்த முதல் மாதத்திலேயே மருந்து அடிக்கிறோம். அதில் முதலில் சாவது சிலந்தி. அறக்கொட்டியானைத் தின்பதே அந்தச் சிலந்திதான். காவல்காரனைக் கொன்றுவிட்டுக் கள்ளனுக்குக் கதவு திறப்பதுபோல அது. பயிரின் அடிப்பக்கத்தை விலக்கிப் பார்த்து, பூச்சி எவ்வளவு, சிலந்தி எவ்வளவு என்று எண்ணிய பிறகு முடிவெடுங்கள். ஒரே வாய்க்காலின் கீழ் உள்ளவர்கள் ஒரே காலத்தில் விதைத்தால் பூச்சிக்குத் தொடர்ந்து சாப்பாடு கிடைக்காது. இதற்கு ஒரு சதமும் செலவில்லை. கூட்டத்தில் பேசி ஒத்துக்கொள்ளும் மனந்தான் வேண்டும்.

வளவுக்கு வேப்பங்கொட்டைக் கரைசல். காய்ந்த வேப்பம் பருப்பு அரைக் கிலோவை இடித்து, சீலையில் பொட்டளியாகக் கட்டி, 10 லீற்றர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் பிழிந்து வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கரைத்துச் சேருங்கள். வெயில் அதன் வலுவைக் கெடுத்துவிடும், ஆகையால் பின்னேரத்தில் இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளியுங்கள். இது பூச்சியை உடனே கொல்லாது. தின்னவிடாது, வளரவிடாது. ஆகவே பூச்சி பெருகிய பிறகு அடித்துவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்லக்கூடாது, தொடக்கத்திலேயே தெளிக்கவேண்டும். கண்ணில் படாமலும் பிள்ளைகளுக்கு எட்டாமலும் வையுங்கள்.

பசளைக்கு, வேலியில் கதியாலாகச் சீமைக்கிளுவை நடுங்கள். அதன் குழையை வெட்டிப் பாத்திக்குள் தாழ்க்கலாம். எங்கள் அம்மம்மா காலத்தில் பூவரசங்குழையும் ஆடாதோடையும் தாழ்த்தார்கள், பயிருக்கு முன் சணல் விதைத்து உழுதார்கள், ஆட்டுப்பட்டி அடைத்தார்கள். எல்லாம் புதிதாக யாரோ சொல்லித்தரும் வித்தை அல்ல. யூரியாவை ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம். மண்ணைப் பரிசோதித்து, கூட்டெரு போட்ட அளவுக்கு மெல்லக் குறைத்தால் போதும். என் வயலில் இப்போது கால் ஏக்கர் மூலை ஒன்றில்தான் முழுச் சேதன முறை. மற்றதில் யூரியா இரண்டு பையிலிருந்து ஒன்றரைப் பைக்கு வந்திருக்கிறது. வீட்டில் கிருமிநாசினிப் போத்தல் இல்லை. பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது பெரிய நிம்மதி.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு கொப்பியில் கணக்கு எழுதுங்கள். வாங்கியது, விற்றது மட்டும் போதாது. நீங்கள் வேலை செய்த நாட்களையும் எழுதுங்கள். நாளைக்கு எங்கள் உழைப்பைப் பங்காகக் காட்டுவதற்கு எங்களிடம் உள்ள ஒரே பற்றுச்சீட்டு அந்தக் கொப்பிதான்.

அந்தத் தங்கச்சி வெள்ளிக்கிழமைக்கு முதல் படிவத்தோடு போனாள். ஐந்து கேள்விகளில் மூன்றுக்கு அலுவலர் அங்கேயே பதில் சொன்னார். இரண்டுக்கு மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாராம். பெரிய தொட்டிக்கு அவள் கையெழுத்து வைக்கவில்லை. கையில் இருந்த காசுக்குள் அடங்கும் சின்ன வேலை ஒன்றுக்கு மட்டும் வைத்தாள். கடன் எடுக்கவில்லை.

பிறகு எங்கள் மாதர் சங்கத்தில் ஏழு பேர் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினோம். பங்கில் அரைவாசியை முற்பணமாகத் தரவேண்டும், பெண்களின் உழைப்பையும் கமக்காரரின் பங்காக எடுக்கவேண்டும், உரிமையாளர் இல்லாத குடும்பங்களில் பயிர் செய்பவரின் கையெழுத்தை ஏற்கவேண்டும் என்று மூன்றே கோரிக்கைகள். என்னோடு கையெழுத்து வைத்து, புதன்கிழமைகளில் என் குசினிக்குள் ஒளித்திருந்த அந்தச் சகோதரிதான் முதலாவது ஆளாகக் கையெழுத்து வைத்தாள்.

பதில் இன்னும் வரவில்லை. வந்ததும் இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன். உங்கள் ஊரிலும் இப்படியான திட்டம் வந்திருந்தால், காசு எப்போது வந்தது, யார் பெயருக்கு வந்தது என்று எங்களுக்கு எழுதுங்கள். ஒருத்தியின் அனுபவம் இன்னொருத்தியின் சங்கிலியைக் காப்பாற்றக்கூடும்.

என்னுடையதை நான் மீட்டுவிட்டேன். மூத்தவளின் கழுத்தில் இருக்கிறது.

அடுத்த மாதம் சந்திப்போம்.